வில்லும் காற்றும்

வில் என்னும் சொல் தமிழில் இரண்டு தொழில் பார்க்கிறது. ஒன்று அம்பை விடுக்கும் தொழில். மற்றொன்று வண்டியைத் தாங்கும் தொழில். வல்வில் ஓரியின் பெயரில் நாம் கேட்பது முதலாவது. எங்கள் மீனாட்சிபுரத்துப் பட்டறையில், "வில்லு உட்கார்ந்து போச்சுங்க, மாத்தோணும்" என்று வண்டிக்காரரிடம் சொல்லும்போது கேட்பது இரண்டாவது. இரண்டிலும் தத்துவம் ஒன்றே. அழுத்தினால் வளையும், விட்டால் தன் நிலைக்கு மீளும், வளைந்தபோது பெற்ற ஆற்றலை மீளும்போது திருப்பித் தரும். போர்க்களத்தில் அந்த ஆற்றல் அம்பாய்ப் பாய்ந்தது. பாதையில் அதே ஆற்றல் பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, மேலே இருப்பவரின் முதுகுத் தண்டைக் காக்கிறது.

பழைய பார வண்டிகளுக்கு வில் கிடையாது. அச்சின்மேல் சட்டம், சட்டத்தின்மேல் சுமை, அவ்வளவே. மூட்டைக்கு நோவு இல்லை. ஆதலின் அதற்கு வில்லும் வேண்டியிருக்கவில்லை. மனிதர் ஏறும் வண்டியிலும் எல்லா மனிதருக்கும் வில் கிடைத்துவிடவில்லை. பட்டை பட்டையாய் எஃகை அடுக்கி அதன்மேல் கூடு அமைத்த வில் வண்டி, நிலக்கிழார் வீட்டு வாயிலில் நின்ற வண்டி. அது செல்வத்தின் அடையாளம் மட்டுமன்று. சாதியின் அடையாளமும் ஆகும். 1893-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில் வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுப் பாதையில் அதனை ஓட்டிச் சென்றார். கேரள வரலாறு அந்தச் செயலை வில்லுவண்டிப் பயணம் என்றே போற்றுகிறது. பாதையில் செல்லும் உரிமைக்காக எழுந்த அப்போராட்டத்தின் பெயரில் ஒரு வில்லும் இருப்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதிராமல் பயணம் செய்வதும் ஒரு காலத்தில் சிலருக்கே உரிய பேறாக இருந்தது.

அந்தப் பேற்றை எளிய வண்டிக்கும் கொண்டுவந்தது காற்று. இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1845-இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதனை மறந்துவிட்டது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதனை மீண்டும் கண்டார். பின்னாளில் பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் மாட்டு வண்டிகளும் மரச் சக்கரத்தையும் இரும்புப் பட்டாவையும் விடுத்து, டயர் வண்டிகளாக மாறின. டயர் வண்டிக்கு வில் இல்லை. எனினும், பழைய வண்டியில் அடிபட்ட தக்காளி இதில் அடிபடாமல் சந்தை சேர்ந்தது. டயருக்குள் இருந்த காற்றே அங்கு வில்லாயிற்று.

ஆகவே, வில்லா காற்றா என்னும் கேள்வி எங்கள் ஊருக்குப் புதியதன்று. ஆயினும் அக்கேள்வி எங்கள்முன் ஒரு கடமையாக வந்து நின்றது, எங்கள் சங்கத்தார் நோயாளிகளை ஏற்றிச் செல்ல ஓர் ஊர்தி வாங்கத் தீர்மானித்தபோதுதான்.

அதன் காரணத்தைச் சுருங்கச் சொல்கிறோம். எங்கள் சித்தூர் வட்டம் தென்னையால் வாழ்வது. கள் இறக்குவோரும் காய் பறிப்போரும் நாள்தோறும் மரம் ஏறுகின்றனர், சிலர் விழுகின்றனர். அவ்வாறு விழுந்த ஓர் இளைஞரை, கிடைத்த சரக்கு வண்டியில் கிடத்தி, பாலத்துப் பள்ளங்களிலும் வேகத் தடைகளிலும் குலுங்கக் குலுங்கக் கொண்டு சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார், கால்கள் பிழைக்கவில்லை. தண்டுவடத்தைச் சிதைத்தது விழுந்த வீழ்ச்சியா, போன வழியா என்று எந்த மருத்துவரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. முறிந்த முதுகெலும்பை அசைக்கலாகாது என்பதை மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லே சங்கத்தாரை அசைத்தது. பணம் திரட்டினார்கள். ஊர்தியைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பை ஐவரிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஐவரே இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று பேசுவது: ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், மாங்காய் வணிகர் ஒருவர், பட்டறை நடத்துபவர் ஒருவர், நெடுங்காலம் செவிலியராயிருந்த அம்மையார் ஒருவர்.

கூடு கட்டித் தரும் நிறுவனத்தார் எங்கள்முன் இரண்டு வழிகளை வைத்தனர். பின் அச்சுக்குச் சுருள்வில் பொருத்தலாம்; அல்லது ரப்பர்ப் பையில் காற்றடைத்த காற்றுவில் பொருத்தலாம். இரண்டாவதற்கு விலை பன்மடங்கு. "நோயாளிக்காக வாங்குகிறீர்கள், விலையைப் பார்க்கலாமா?" என்றும் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் விலை உயர்ந்தது நோயாளிக்கு உகந்ததாகவும் இருக்குமா என்பதே நாங்கள் ஆராய வேண்டியிருந்தது.

இவ்விரண்டின் இயல்பையும் அறிவியல் உலகம் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கூடத்திலிருந்து அறிந்துகொண்டது என்பது வியப்புக்குரியது. இராபர்ட் பாயில் 1660-இல் வெளியிட்ட நூலில் காற்றுக்கும் வில்லின் தன்மை உண்டு என்று எழுதினார். தலைப்பிலேயே காற்றின் வில் என்று குறித்தார். காற்றின் கன அளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரட்டிக்கும் என்னும் விதியை 1662-இல் வெளியிட்டார். அந்த ஆய்வுகளுக்கு வேண்டிய காற்றுப் பம்பைச் செய்து கொடுத்த உதவியாளர் இராபர்ட் ஹூக். அதே ஹூக், 1678-இல் உலோக வில்லின் விதியை விளக்கி நூல் வெளியிட்டார். எவ்வளவு பாரமோ அவ்வளவு நீட்சி என்பது அவ்விதியின் சாரம். காற்றுக்கு ஆசிரியர், உருக்குக்கு உதவியாளர். இன்று நாம் பட்டறையில் நடத்தும் வழக்கின் இரு கட்சிகளும் அந்த ஒரு கூடத்தில் பிறந்தவையே.

இரண்டு விதிகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். சுருள்வில் நேர்மையான கணக்கப்பிள்ளை. நூறு கிலோ ஏற்றினால் இரண்டு செ.மீ. அமுங்குமெனில், இருநூறு கிலோவுக்கு நான்கு செ.மீ. அமுங்கும். முதல் கிலோவுக்கும் கடைசிக் கிலோவுக்கும் ஒரே கணக்கு. காற்று அப்படியன்று. தொடக்கத்தில் எளிதில் இணங்கும். நெருக்க நெருக்க முறைக்கும். கடைசியில் கல்லாய் நிற்கும். பெரும் பள்ளத்தில் விழும்போது அடித்தட்டில் மோதாமல் காப்பது இந்த முறைப்பே.

மற்றொரு வேறுபாடு இதனினும் முக்கியமானது. வெற்று வண்டி, பாரம் ஏற்றிய வண்டியைவிட அதிகமாகக் குலுங்கும் என்பது வண்டியோட்டி அனைவரும் அறிந்தது. அதன் காரணம் எளிது. வில் தாங்கும் எடையால் 25 செ.மீ. அமுங்கி நின்றால், வண்டி ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை ஆடும். 6 செ.மீ. மட்டும் அமுங்கினால் இருமுறை ஆடும். ஒன்றரை செ.மீ. மட்டுமே அமுங்கும் கடின வில்லாயின் நான்கு முறை ஆடும். மெல்ல ஆடும் ஆட்டம் தொட்டில். விரைந்து ஆடும் ஆட்டம் உதறல். வினாடிக்கு நான்கு முதல் எட்டு வரை மேலும் கீழுமாய் வரும் அதிர்வே மனித உடலை மிகுதியும் வருத்துவது என்று அறிஞர் கண்டிருக்கின்றனர்.

சரக்கு வண்டியின் வில் ஒரு டன் சுமைக்கென்று செய்யப்பட்டது. அதில் ஒரு நோயாளியையும் இரண்டு உறவினரையும் ஏற்றினால், வில்லுக்கு அவர்கள் ஒரு பொருட்டே அல்லர். வில் தாங்கும் மொத்த எடை நான்கில் ஒரு பங்காய்க் குறைந்தால் ஆட்டத்தின் விரைவு இரட்டிக்கிறது. அந்த இளைஞரைச் சரக்கு வண்டி உதறியதன் காரணம் ஓட்டுநரின் கையில் இல்லை; அச்சின்மேல் இருந்தது. காற்றுவில்லில் இந்தக் குறை இல்லை. சுமை குறைந்தால் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். சுமை ஏறினால் ஏற்றிக்கொள்ளலாம். அழுத்தத்தோடு கடினமும் கூடிக் குறைவதால், ஒருவர் ஏறினாலும் ஐம்பதின்மர் ஏறினாலும் ஆட்டத்தின் விரைவு பெரிதும் மாறாது. இதுவே காற்றின் தனிச் சிறப்பு.

எங்கள் இரயில்வே நண்பர் இந்த இடத்தில் தம் வாதத்தைத் தொடங்கினார். பாலக்காடு – பொள்ளாச்சி இருப்புப் பாதையில் எங்கள் மீனாட்சிபுரம் நிலையம் மீட்டர்ப் பாதைக் காலத்திலிருந்து நிற்பது. அகலப் பாதையாக மாறி 2015-இல் மீண்டும் வண்டி ஓடியது. அந்தப் பாதையில் பணி செய்தவர் ஆதலின் அவருடைய சொல்லுக்கு எங்களிடையே மதிப்பு உண்டு. சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டு ஷ்லீரன் நிறுவனத்தின் முறையில் பெட்டிகளைச் செய்தது. அப்பெட்டிகள் சுருள்வில்லின்மேல் அமர்ந்தவை. சக்கர அச்சுக்கு மேலே ஓர் அடுக்குச் சுருள். பெட்டிக்குக் கீழே மற்றோர் அடுக்குச் சுருள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அம்முறைப் பெட்டிகள் செய்யப்பட்டு, 2018-இல் உற்பத்தி நின்றது. அதே தொழிற்சாலையில் 2018-இல் உருவாகி, 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் வண்டியிலோ பெட்டிக்குக் கீழே காற்றுவில் வந்துவிட்டது. "நாடே காற்றுக்கு மாறிவிட்டது; நாம் மட்டும் சுருளைக் கட்டி அழலாமா?" என்று கேட்டார் அவர்.

ஆசிரியர் அமைதியாக ஒரு வினா எழுப்பினார்: "இரயில்வேயார் காற்றை முதலில் எந்த வண்டிக்கு வேண்டினார்கள்?" நண்பர் மறைக்காமல் விடை தந்தார். புறநகர் மின் வண்டிகளின் நெருக்கடிதான் காற்றுவில்லை வேண்டச் செய்தது. நண்பகலில் பத்துப் பேர் அமர்ந்திருக்கும் பெட்டியில் மாலையில் மூச்சுவிட இடமின்றி நூற்றுக்கணக்கானோர் திணிகின்றனர். சுருள்வில் அத்தனை பேரைத் தாங்கி அமுங்கினால் பெட்டியின் தளம் தாழ்ந்துபோகும். காற்றுவில்லில், தளம் சிறிது தாழ்ந்ததும் ஒரு வால்வு தானே திறந்து காற்றை உள்ளே விடும். கூட்டம் இறங்கியதும் வெளியே விடும். நடைமேடைக்கும் தளத்துக்கும் உள்ள உயரம் மாறுவதில்லை. தொலைதூரம் செல்லும் படுக்கைப் பெட்டிகளிலோ எண்ணி வைத்த படுக்கைகள். எண்ணி ஏறும் மனிதர். அங்கே சுருள்வில் நெடுங்காலம் குறைவின்றிப் பணி செய்தது. பின்னர் வந்த ஜெர்மானிய எல்.எச்.பி. முறைப் பெட்டிகளிலும் பெரும்பாலானவை சுருளின்மேல்தான் ஓடுகின்றன. வந்தே பாரத்திலுங்கூடச் சக்கர அச்சின் மேலுள்ள முதல் அடுக்கு சுருள்தான். காற்று இரண்டாம் அடுக்கில் நிற்கிறது.

அந்த விடையில் எங்கள் வழக்கின் சாவி இருந்தது. காற்றுவில் நல்லதா, சுருள்வில் நல்லதா என்று கேட்பது பொருந்தாக் கேள்வி. சுமை மாறுமா, மாறாதா என்று கேட்பதே பொருந்தும். மாறும் சுமைக்குக் காற்று. மாறாச் சுமைக்குச் சுருள்.

மாறும் சுமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் இடுக்கி எல்லைக்குச் செல்லலாம். கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் தேனி மாவட்டத்துப் பெண்களை ஏலத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் காணலாம். விடியலில் இருக்கைக்கு மிஞ்சிய ஆட்கள். ஆளை இறக்கியபின் வெறும் வண்டி. மாலையில் மீண்டும் நெருக்கம். அவ்வண்டிகளுக்குப் பட்டை வில். சுமை பொறுக்கவில்லையென்றால் மேலும் ஒரு பட்டையைச் செருகுவதே அங்கு மருந்து. செருகிய பட்டை சுமையைத் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் பெண்களின் இடுப்பைத் தாங்காது. காற்றுவில் உண்மையில் சென்று சேரவேண்டிய இடம் அது. விலை காரணமாக அது சேரவில்லை. 2001-இல் வால்வோ பேருந்துகள் இந்தியாவுக்கு வந்தபின், காற்றுவில் என்பது தொலைதூரச் சொகுசுப் பயணியின் உடைமையாகவே பெரிதும் பேசப்பட்டது. வில் வண்டிக் காலத்து வழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை போலும்.

எங்கள் ஊர்தியின் சுமையோ கணக்கில் அடங்குவது. ஓட்டுநர், செவிலியர், நோயாளி, உடன்வருவோர் இருவர். ஐந்து பேரும் சேர்ந்தால் ஏறக்குறைய முந்நூறு கிலோ. கட்டில், உயிர்வளி உருளை, பெட்டிகள் ஆகியவை என்றும் இருப்பவை. ஒருநாள் ஒருவர் கூடலாம், ஒருநாள் குறையலாம். இத்தகைய வண்டிக்கு அதன் எடையறிந்து, அந்த எடைக்கென்றே தேர்ந்த மென்மையான சுருளைப் பொருத்தினால் போதும். சரக்கு வண்டியின் உதறல் அதில் இராது.

ஆனாலும் எங்கள் மாங்காய் வணிகர் எளிதில் விடவில்லை. அவருடைய தம்பி மகன் கனடாவில் வாழ்கிறான். அந்நாட்டில் பனிமேல் ஓடும் சறுக்கு ஊர்தி வைத்திருப்போரிடையே இதே வழக்கு உண்டென்றும், காற்றுவில் எடை குறைந்தது, கைப்பம்பால் வேண்டியவாறு திருத்திக்கொள்ளத் தக்கது என்று பலர் அதனையே நாடுகின்றனர் என்றும் அவன் சொல்லியிருந்தான். அந்த ஊர்தியின் பிறப்பை அறிந்தபோது எங்கள் உள்ளம் நெகிழ்ந்தது. கியூபெக் மாநிலத்தில் ஜோசப் அர்மான் பாம்பார்டியர் என்பவர் பனியில் ஓடும் வண்டிக்காக இளமை முதலே முயன்றுகொண்டிருந்தார். 1934-இல் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தபோது, பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லை, குழந்தை இறந்தது. 1937-இல் அவர் பனிச் சங்கிலிப் பட்டைக்குக் காப்புரிமை பெற்று, எழுவர் அமரும் பனி ஊர்தியை ஓட்டினார். இன்று விளையாட்டாய்ப் பறக்கும் சிறு ஊர்திகள் 1959-இல் தொடங்கிய அவருடைய பிற்படைப்பின் வழிவந்தவை. எங்களைப்போல் அவரும் ஒரு நோயாளியை மனத்தில் கொண்டே வண்டியைப் பற்றிச் சிந்தித்தார்.

அந்த நாட்டுச் செய்தியே காற்றின் மற்றொரு குணத்தையும் எங்களுக்கு உணர்த்தியது. அடைபட்ட காற்று வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. 20 பாகை வெப்பமுள்ள கொட்டகையில் காற்றடைத்து, சுழிக்குக் கீழே 30 பாகைக் குளிரில் வண்டியை நிறுத்தினால், மொத்த அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, வண்டி தாழ்கிறது. எங்களுக்குக் குளிர் இல்லை. பாலக்காட்டுக் கணவாயின் வெயில் உண்டு. விடியற்காலையில் 20 பாகையில் இருந்த காற்று, தார்ச் சாலையின் தகிப்பில், வண்டியின் அடியில் 60 பாகையை எட்டினால், அழுத்தம் ஏழில் ஒரு பங்கு ஏறுகிறது, வில் இறுகுகிறது. பேருந்திலும் இரயிலிலும் வால்வும் காற்றழுத்தியும் இதனைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு பிரேக்குக்கென்றே காற்றழுத்தி முன்னமே உண்டு. அதிலிருந்து வில்லுக்கும் சிறிது காற்றை எடுத்துக்கொள்கின்றன. எங்கள் சிறு வண்டியின் பிரேக் எண்ணெயால் இயங்குவது. காற்றுவில் வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் காற்றழுத்தி, குழாய், வால்வு எல்லாம் புதிதாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நாள் பழுதாகும்.

"எப்போது பழுதாகும் என்பதன்று; எங்கே பழுதாகும் என்பதே பேச்சு," என்றார் பட்டறை நண்பர். அவர் மனத்தில் இருந்தது பறம்பிக்குளம். அது எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில், முதலமடை ஊராட்சியில் உள்ளது. ஆயினும் சாலை வழியே அங்குச் செல்ல வேண்டுமாயின், தமிழ்நாட்டுக்குள் புகுந்து, ஆனைமலை, சேத்துமடை கடந்து, டாப்ஸ்லிப் வழியாகக் காட்டுக்குள் சுற்ற வேண்டும். அங்குள்ள பழங்குடி மக்களும் எங்கள் ஊர்தியை அழைப்பார்கள். அந்தக் காட்டுப் பாதையில் ஒரு கல் தெறித்துக் காற்றுப்பை கிழிந்தால், வண்டி அடியிலுள்ள ரப்பர்க் கட்டையின்மேல் உட்கார்ந்துவிடும். ஊர்ந்து வரலாம், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் நேரே நோயாளியின் முதுகில் விழும். பையை மாற்றக் கோவைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அது வரும்வரை வண்டி கொட்டகையில் நிற்கும். சுருள்வில் ஒடிவது அரிது. தளர்ந்தாலும் நாளடைவில்தான் தளரும், தளர்ந்தபின்னும் தாங்கும். பொள்ளாச்சிக் கடைகளில் கிடைக்கும். எங்கள் பட்டறையிலேயே அரை நாளில் மாற்றலாம்.

இதனைக் கேட்ட ஆசிரியர் சங்க இலக்கியத்தை நினைவூட்டினார். உப்பு வணிகர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் தம் வண்டியின் அடியில், அச்சு முறிந்தால் உதவுமென்று மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்குகிறார். நெடுவழி செல்பவன் முதலில் நினைக்க வேண்டியது வண்டியின் அழகையன்று, வழியில் நேரக்கூடிய முறிவை என்னும் அறிவு அவ்வளவு பழைமையானது.

இவ்வளவும் சொல்லால் செய்த ஆராய்ச்சி. செவிலியர் அம்மையார் செயலால் ஓர் ஆராய்ச்சி செய்யச் சொன்னார். காற்றுவில் பூட்டிய வண்டி ஒன்றையும் சுருள்வில் பூட்டிய வண்டி ஒன்றையும் ஒரு நாளைக்கு இரவல் பெற்றோம். கட்டிலின்மேல் அரிசி மூட்டை ஒன்றைக் கிடத்தி, அதன் தலைமாட்டில் விளிம்புவரை நீர் நிறைத்த பித்தளைச் சொம்பு ஒன்றைப் பதித்து வைத்தோம். பொள்ளாச்சிச் சாலையில் காற்றுவில் வண்டி மிகுதியான நீரைக் காத்தது, அதில் ஐயமில்லை. சேத்துமடைக்கு அப்பால் இரண்டு சொம்புகளும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தன. சுருள்வில் வண்டியில் ஷாக் அப்சார்பர்களை மட்டும் புதியனவாக மாற்றிப் பார்த்தோம். பொள்ளாச்சிச் சாலையிலும் சொம்பில் நீர் கூடுதலாக நின்றது. கட்டிலைப் பின் அச்சின் மேலிருந்து நகர்த்தி, இயன்றவரை இரு அச்சுகளுக்கும் இடையே கொண்டுவந்தோம், மேலும் நின்றது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வில் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு. வில் அடியை வாங்கும். ஆனால் வாங்கியதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்கி, ஆற்றலை வெப்பமாக்கிக் கழிப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. கடையில் கேஸ் ஷாக் என்று விற்பதைக் காற்றுவில் என்று பலர் கருதுகின்றனர். அதில் அடைத்த நைட்ரஜன் வாயு, எண்ணெயில் நுரை எழாமல் காப்பதற்கானது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அப்போதும் வெளியே உள்ள உருக்கு வில்லே. சுருளா காற்றா என்று நெடுநேரம் வழக்காடும் நாம், தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரோடு ஆண்டுக்கணக்கில் ஓடுவதைக் கவனிப்பதில்லை. எந்த வில்லைத் தேர்ந்தாலும், இதனைக் காலத்தில் மாற்றாதவன் தேர்ந்ததன் பயனைப் பெறமாட்டான்.

முடிவு சொல்லும் நேரம் வந்தபோது அம்மையாரையே நோக்கினோம். "நல்ல ரோட்டில் காத்துதாங்க சுகம். ஆனா நல்ல ரோட்டில் இருக்கறவங்களுக்கு வேற வண்டியும் கிடைக்கும். நம்ம வண்டி நின்னு போச்சுன்னா காட்டுல இருக்கறவங்களுக்கு வேற என்ன இருக்குதுங்க?" என்றார். நால்வர் சுருள்வில்லுக்கு இசைந்தோம். இரயில்வே நண்பர் மட்டும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தண்டுவடம் முறிந்த ஒருவருக்கு நெடுஞ்சாலையில் ஏற்படும் சிறு வேறுபாடும் சிறு வேறுபாடன்று என்பது அவர் வாதம். அதற்கு விடை எங்களிடம் இல்லை. ஆதலின் மிஞ்சிய பணத்தின் ஒரு பகுதியை, நோயாளியை அசையாது பிணைத்துக் கிடத்தும் பலகைக்கும், கட்டிலுக்கு அடியில் இடும் தடித்த மெத்தைக்கும், ஆண்டுதோறும் ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்கும் ஒதுக்கினோம். அவருடைய வாதம் தோற்றது; ஆனால் வீணாகவில்லை.

ஊர்தி இப்போது ஓடுகிறது. மரத்திலிருந்து விழுந்தோரையும், பிள்ளைப் பேற்றுக்குச் செல்வோரையும், பாம்பு தீண்டியோரையும் ஏற்றிச் செல்கிறது. பறம்பிக்குளத்துப் பாதையிலிருந்து இரவில் இறங்கி வரும்போது, வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநரின் காலும் ஒரு வில்தான் என்று அம்மையார் சொல்வதுண்டு. சுருள்கள் இதுவரை ஒருமுறைகூட வண்டியை நிறுத்தியதில்லை.

சங்கத்தின் குறிப்பேட்டில் எங்கள் முடிவை மட்டும் எழுதாமல், காரணங்களையும் எழுதி வைத்திருக்கிறோம்: சுமை இவ்வளவு, பாதை இத்தகையது, பட்டறை இன்ன தொலைவில், காற்றுப்பை கிடைக்கும் இடம் இன்னது என்று. இரயில்வே நண்பரின் மாற்றுக் கருத்தும் அவர் கையொப்பத்துடன் அதில் இருக்கிறது. பாதை சீராகலாம், காற்றுவில் மலிவாகலாம், அதைப் பழுது பார்க்கும் கை எங்கள் ஊரிலேயே தோன்றலாம். அன்று அடுத்த ஊர்தி வாங்கப் போகும் ஐவர் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டி, மாறிய காரணம் எது, மாறாதது எது என்று பார்த்துத் தம் முடிவைத் தாமே செய்துகொள்ளட்டும்.